கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்கள்

சமூகப் பணியை விட்டு நான் வெளியே வந்ததற்கு முதல் காரணம் சம்பளம். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு என்னிடம் யோசனை கேட்கிற இளையவர்கள் பலர், ஏதோ பெரிய இலட்சியத்தோடு நான் கணினிப் பக்கம் போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒப்பந்தப் பணியாளர்கள். 2009-ல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமாகத் தொடங்கி இன்று மிஷன் வாத்சல்யா என்ற பெயரில் நடக்கும் அத்திட்டத்தில், ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று காத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதி. அரசுத் துறை ஒன்றின் தகவல் அமைப்புத் திட்டத்துக்குக் கள அனுபவம் உள்ள மேலாளர் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்தபோது, அதுவும் ஒப்பந்த வேலைதான் என்று தெரிந்தே விண்ணப்பித்தேன். ஊதியம் ஏறக்குறைய இரு மடங்கு.

இரண்டாவது காரணம் 2021-ஆம் ஆண்டு.

அதற்கு முன்பு வரை எனக்குத் தெரிந்த தகவல் அமைப்பு என்பது நாடா கட்டிய கோப்புதான். இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படி, மீட்கப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட அந்தக் குழு, குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாமா, குழந்தைகள் இல்லத்தில் வைக்கலாமா என்று முடிவெடுப்பதற்குச் சமூக விசாரணை அறிக்கை கேட்கும். நாங்கள் வீட்டுக்குப் போவோம், அக்கம்பக்கத்தில் விசாரிப்போம், பள்ளித் தலைமையாசிரியரைப் பார்ப்போம், பிறகு எழுதுவோம். அச்சடித்த படிவம் உண்டு; ஆனால் படிவத்தில் இடம் போதாவிட்டால் பின்பக்கத்தில் எழுதலாம், அதுவும் போதாவிட்டால் வெள்ளைத் தாளை இணைக்கலாம். "தந்தை குறித்து உறுதியான தகவல் இல்லை, குழந்தையின் சித்தி கூறியபடி 2016 வாக்கில் வேலை தேடிச் சென்றவர் திரும்பவில்லை" என்று எழுதினால் காகிதம் அதை ஏற்றுக்கொள்ளும். எந்தக் காகிதமும் எனக்கு அறிக்கையைத் திருப்பித் தந்து, தந்தை உயிருடன் இருக்கிறாரா இல்லையா, இரண்டில் ஒன்றைச் சொல் என்று கேட்டதில்லை.

2021 மே மாதக் கடைசியில் அது மாறியது. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பீடு, ஒருவரை இழந்திருந்தால் உயிரோடிருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ 3 லட்சம் ரூபாய் உடனடி நிவாரணம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஒன்றிய அரசு தன் பங்குக்குப் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 23 வயதில் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்படியான திட்டத்தை அறிவித்தது. ஆதரவிழந்த குழந்தைகளின் விவரங்களைத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் பால் ஸ்வராஜ் தளத்தில் பதிவேற்றும்படி மாவட்ட நிர்வாகங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லாம் தேவையானவை, எல்லாம் அவசரம். சுகாதாரத் துறை ஒரு பட்டியல் தந்தது, வருவாய்த் துறை இன்னொன்று தந்தது, ஊராட்சிச் செயலர்கள் வாட்ஸ்அப்பில் பெயர்களை அனுப்பினார்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைப்புகள் வந்தன. இவற்றையெல்லாம் ஒன்றாக்கி, எங்களுக்கு வந்திருந்த எக்செல் படிவத்தில் இரவோடு இரவாக ஏற்ற வேண்டியிருந்தது.

அந்தப் படிவத்தில் தாய், தந்தை ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். உயிருடன் உள்ளார், இறந்துவிட்டார் என்ற இரண்டு தெரிவுகள். இறந்தவர் என்றால் தேதி கட்டாயம், உயிருடன் உள்ளவர் என்றால் வங்கிக் கணக்கு எண் கட்டாயம். இப்போது ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மகள் இரண்டாம் அலையில் இறந்துவிட்டாள். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். மருமகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர், ஐந்தாறு வருடங்களாகத் தகவல் இல்லை. அவர் உயிருடன் உள்ளவர் என்றால் வங்கிக் கணக்கு எண்ணுக்கு எங்கே போவது? இறந்தவர் என்றால் சான்றிதழ் யார் தருவது? அந்தப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விட முதலில் உதவி போய்ச் சேர வேண்டும் என்பதில் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த வரியை நிரப்பாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது, பட்டியல் காலை பத்து மணிக்குள் போக வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் களப்பணியாளர் என்ன செய்வார் என்பது எனக்கு அன்றுதான் முழுமையாகப் புரிந்தது. ஒருவர் மாமாவின் கணக்கு எண்ணைப் போடுவார். இன்னொருவர் தந்தை இறந்ததாகக் குறித்து ஏதோவொரு தேதியைப் போடுவார். மூன்றாமவர் அந்தக் குடும்பத்தையே பிறகு பார்க்கலாம் என்று தனியாக எடுத்து வைப்பார். மூவருமே பொறுப்பான பணியாளர்கள். மூன்றில் எது நடந்தாலும், மேலே பார்ப்பவருக்குப் பட்டியல் குறையில்லாமல், எல்லாக் கட்டங்களும் நிரம்பியதாகத்தான் தெரியும்.

இறப்புக் காரணத்திலும் இதே கதைதான். இறப்புச் சான்றிலோ மருத்துவமனைத் தாளிலோ கொரோனா என்ற சொல் இல்லாத மரணங்கள் ஏராளம். கடைசியில், தொற்று உறுதியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நேர்ந்த மரணத்தைக் கொரோனா மரணமாகக் கொள்ளலாம் என்ற வழிகாட்டுதலை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது; 50,000 ரூபாய் கருணைத்தொகைக்கும் அதுவே அளவுகோலானது. சட்டத்தின் பார்வையில் அது ஒரு தீர்ப்பு. என் கண்ணுக்கு அது ஒரு தரவு விதியாகவும் பட்டது: இரண்டு தேதிகள், அவற்றுக்கிடையே ஒரு கழித்தல், அதன் விடையைப் பொறுத்து ஒரு வீட்டுக்குப் பணம் உண்டு அல்லது இல்லை. அந்தக் கழித்தல் சரியான தேதிகளின் மீது நடக்கிறதா என்று பார்க்கும் வேலை யாருடையது என்று யோசிக்கத் தொடங்கியபோதே நான் பாதி துறை மாறிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

புதிய வேலையில் முதல் சில மாதங்கள் வெறும் கேட்பதிலேயே போயின. அரசின் மென்பொருள் எப்படி உருவாகிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. சில திட்டங்களை 1976-ல் தொடங்கப்பட்ட தேசிய தகவலியல் மையம் தானே எழுதித் தருகிறது. சிலவற்றை மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வழியாகவோ தமிழ்நாடு மின்னாளுமை முகமை வழியாகவோ தனியார் நிறுவனங்களுக்குத் தருகிறார்கள். அப்படித் தரும்போது 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், முன்வைப்புத் தொகை, தொழில்நுட்ப மதிப்பீடு, விலைப்புள்ளி திறப்பு என்று ஒரு நீண்ட பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் ஒரு நாள்கூட யாரும் குழந்தை என்ற சொல்லையோ பாட்டி என்ற சொல்லையோ உச்சரிக்க வேண்டிய தேவை வராது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆனால் எஸ்.ஆர்.எஸ். எனப்படும் தேவைகள் ஆவணத்தைக் கோப்பு படிப்பதுபோல் வரி வரியாகப் படிக்கத் தெரிந்தது. இது பெரிய திறமையா என்று கேட்கலாம். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அந்த ஆவணத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை என்பதை நேரில் பார்த்தவள் என்ற முறையில், ஆம், அது திறமைதான் என்று சொல்வேன். துறை அதிகாரிகளுக்கு நேரமில்லை. நிறுவனத்தின் வணிக ஆய்வாளர் முந்தைய மாநிலத்துக்குச் செய்ததை ஒட்டி எழுதியிருப்பார். கையெழுத்து ஆனால்தான் நிறுவனத்துக்கு அடுத்த தவணைப் பணம் விடுவிக்கப்படும் என்பதால், எல்லாத் தரப்புக்கும் அவசரம்.

அந்த ஆவணத்தில் என் கண்ணில் முதலில் பட்டவை சிவப்பு நட்சத்திரக் குறிகள். எந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கிறதோ அதை நிரப்பாமல் படிவத்தைச் சமர்ப்பிக்க முடியாது. எங்கள் படிவத்தில் நட்சத்திரம் இல்லாத கட்டத்தைத்தான் தேட வேண்டியிருந்தது. இது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. ஆய்வுக் கூட்டத்தில் ஒரு பிரிவினர், சாதி வாரியான எண்ணிக்கை வேண்டும் என்பார்கள். இன்னொரு பிரிவு வருமான விவரம் என்பார்கள். மூன்றாவதாக ஒருவர், சட்டமன்றக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும், எனவே எல்லாவற்றையும் கட்டாயமாக்கிவிடுங்கள் என்பார். குளிரூட்டிய அறையில் ஒரு நட்சத்திரம் சேர்க்க ஒரு நொடி போதும். அதன் விலையை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இரவு எட்டு மணிக்கு, நெட்வொர்க் வந்து வந்து போகும் ஒரு மொபைலோடு உட்கார்ந்திருக்கும் பணியாளர்தான் கொடுக்கிறார்.

அவர் எப்படிக் கொடுக்கிறார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கட்டம் பிழைச் செய்தி காட்டுகிறது. அவர் எதையாவது இட்டுப் பார்க்கிறார். எது ஏற்கப்படுகிறதோ அது பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது: பிறந்த தேதி தெரியாவிட்டால் ஜனவரி 1 போடுங்கள், ஏற்கிறது. கைப்பேசி எண் இல்லையென்றால் உங்கள் எண்ணையே போடுங்கள், பத்துப் பதிவு வரை ஏற்கிறது. அரசுப் பட்டியல் எதையாவது பிறந்த தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள்; ஜனவரி 1 அன்று மட்டும் ஒரு குட்டி மலை நிற்கும். கைப்பேசி எண் வாரியாக வரிசைப்படுத்தினால், ஒரே எண் பல குடும்பங்களுக்கு நேரே இருக்கும். பெரும்பாலும் அது ஊரில் இருக்கும் பிரவுசிங் சென்டர்க்காரரின் எண்ணாகவோ பதிவு செய்து கொடுத்த பணியாளரின் எண்ணாகவோ இருக்கும். ஒரு தரவுத்தளம் நூறு சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எனக்கு இப்போது சந்தேகம்தான் முதலில் வருகிறது.

கைப்பேசி எண் சிறிய விஷயம் இல்லை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்து, 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் என்பன போன்ற தகுதிகள் அரசிடம் ஏற்கெனவே இருந்த தரவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன. விண்ணப்பம் ஏற்கப்படாதவர்களுக்கு அது குறுஞ்செய்தியாகப் போனது. 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். திருமணமாகாத தனிப் பெண்களையும் கைம்பெண்களையும் குடும்பத் தலைவியராகக் கணக்கில் எடுத்துக்கொண்டதையும், மேல்முறையீட்டுக்கு வழி வைத்ததையும் நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனாலும் திட்ட மேலாளராக எனக்குள் எழும் கேள்வி வேறு: பதிவில் இருப்பது பிரவுசிங் சென்டரின் எண் என்றால், அந்த வீட்டுக்கு 30 நாள் எப்போது தொடங்குகிறது?

பெயர்களைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம்; சுருக்கிக்கொள்கிறேன். வெளியிலிருந்து வரும் மென்பொருள் அச்சுகளில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், இரண்டுக்கும் நட்சத்திரம் இருக்கும். நமக்கோ தலைப்பெழுத்துதான். ஒருவர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் தலைப்பெழுத்தைப் போடுவார், ஒருவர் தந்தை பெயரைப் போடுவார், ஒருவர் வெறும் புள்ளி வைப்பார். பிறகு இதை ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்திலும் உள்ள பெயரோடு பொருத்திப் பார்க்கும்போது, ழகரம் வரும் பெயர் ஒவ்வொரு பட்டியலிலும் ஆங்கில எழுத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கும். இதற்கு மேல் பழைய பதிவேடுகள் யூனிகோடுக்கு முந்தைய வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. யூனிகோடுக்கு மாற்றும்போது ஸ்ரீயும் க்ஷவும் சிதறிப்போகும். இதையெல்லாம் ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதிவைக்காவிட்டால், பின்னால் ஒவ்வொன்றும் ஒரு சேஞ்ச் ரிக்வெஸ்ட், அதாவது ஒப்பந்தத்துக்கு வெளியே தனியாகக் கேட்கும் மாற்றம். ஒவ்வொரு சேஞ்ச் ரிக்வெஸ்ட்டும் பணம், பணத்துக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு நிதித் துறையின் ஒப்புதல். அதனால்தான் ஒப்பந்தப்புள்ளி ஆவணம் எழுதும் நாளிலேயே களம் தெரிந்த ஒருவர் அந்த அறையில் உட்கார வேண்டும் என்கிறேன். மென்பொருள் தயாரான பிறகு கருத்துக் கேட்பது, பந்தியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு உப்பு போதுமா என்று கேட்பதைப் போன்றது.

சமூகப் பணிப் படிப்பு எனக்கு இந்த வேலையில் எதைக் கொடுத்தது என்று கேட்பவர்கள், இரக்கம் என்ற பதிலை எதிர்பார்க்கிறார்கள். இரக்கம் பொறியாளர்களிடமும் உண்டு. என்னைவிட அதிகமாகவே சிலரிடம் பார்த்திருக்கிறேன். உண்மையில் பயன்பட்டது அதைவிட வறண்ட ஒன்று. வழக்குக் குறிப்பு எழுதும்போது, நான் கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, நானாக ஊகித்தது எது என்று பிரித்து எழுத வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். களப்பணிப் பதிவேட்டில் இதற்காகவே சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பித் தருவார்கள். தரவுத்தளத்துக்கு இந்தப் பிரிவு தெரியாது. சான்றிதழைப் பார்த்துப் பதிந்த தேதியும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிப் பதிந்த தேதியும், படிவம் போகட்டும் என்று இட்ட தேதியும் அதற்குள் போனதும் ஒரே தேதி. மூன்றுக்கும் ஒரே எடை.

எனவே எங்கள் திட்டத்தில் இரண்டு மாற்றங்களுக்காக நான் விடாமல் வாதாடினேன். முக்கியமான கட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் "தெரியவில்லை" என்பது ஏற்கத்தக்க விடையாக இருக்க வேண்டும். தகவல் இருந்தால், அது ஆவணத்திலிருந்து வந்ததா, யார் சொல்லி வந்தது என்பதையும் பக்கத்தில் குறிக்க இடம் வேண்டும். முதல் எதிர்ப்பு எதிர்பார்த்ததுதான்: "தெரியவில்லை என்று வைத்துவிட்டால் எல்லாரும் அதையே அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள், மேடம்." அமுக்கட்டும், அப்போதாவது எந்தக் கேள்விக்குக் களத்தில் விடை கிடைப்பதில்லை என்று நமக்குத் தெரியவருமே என்றேன். ஒரு வட்டாரத்தில் ஒரு கட்டம் மட்டும் தொடர்ந்து "தெரியவில்லை" என்று வந்தால், அங்கே பயிற்சி போதவில்லை அல்லது கேள்வியே தவறு, இரண்டும் சரிசெய்யக்கூடியவை. அந்த இடத்தில் ஜனவரி 1 என்று வந்தால் சரிசெய்ய ஒன்றுமே இல்லை, ஏனென்றால் பிழை இருப்பதே யாருக்கும் தெரியாது. கடைசியில், "தெரியவில்லை" என்று பதிந்தால் மறுபடி எப்போது விசாரிக்கப்படும் என்ற தேதியையும் சேர்த்துக் கேட்பது என்று சமாதானம் ஆனோம். அந்தத் தேதியைப் பரிந்துரைத்தவர் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஒருவர். எனக்குத் தோன்றியதைவிட நல்ல யோசனை அது.

இப்படியெல்லாம் சின்ன விஷயங்களில் மல்லுக்கட்ட வேண்டுமா என்று நினைப்பவர்கள் ஆஸ்திரேலியாவின் ரோபோடெட் விவகாரத்தைப் பார்க்கலாம். நலத்திட்ட உதவி பெற்றவர்கள் தங்கள் வருமானத்தை மறைத்தார்களா என்று கண்டுபிடிக்க, வரித் துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டார்கள். உதவித்தொகையோ அந்தந்த இருவாரத்தில் உண்மையில் கிடைத்த வருமானத்தை வைத்துத் தீர்மானிக்கப்படுவது. ஆறு மாதம் வேலை பார்த்து ஆறு மாதம் வேலையின்றி இருந்தவர், கணக்குப்படி ஆண்டு முழுக்கச் சம்பாதித்தவர் ஆகிவிட்டார். வேலையின்றி இருந்த காலத்தில் வாங்கிய உதவி கடனாக மாறியது. 2016-லிருந்து 2019 வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மீது சட்டத்துக்குப் புறம்பான கடன்கள் இப்படிச் சுமத்தப்பட்டன. 2023 ஜூலையில் அரச ஆணையம் அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை தந்தது. அந்த வகுத்தலைப் பார்த்த மாத்திரத்தில், நாகப்பட்டினத்து மீனவக் குடும்பத்துக்குள் ஒரு தடவை போய்வந்த எவருக்கும் பொறி தட்டியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளியின் வருமானம் என்ன, ஆண்டுச் சராசரி என்ன? நம் படிவங்களிலும் "மாத வருமானம்" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது, நட்சத்திரத்தோடு.

தனியுரிமை பற்றியும் ஒரு சண்டை நடந்தது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளிப்படுத்துவதைத் தடை செய்கிறது. பெயரைத்தான் காட்டவில்லையே என்று டேஷ்போர்டு எனும் தரவுச் சுருக்கத் திரையில் ஊராட்சி வாரியாக எண்ணிக்கை காட்டியிருந்தார்கள். வரைபடத்தில் புள்ளிகளும் இருந்தன. ஓர் ஊராட்சி, பாலினம் பெண், வயது 13 முதல் 15, எண்ணிக்கை 1. அந்த ஊர்க்காரர் யாருக்கும் இதற்கு மேல் பெயர் தேவையில்லை. ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே போனால் வட்டார அளவில்தான் காட்ட வேண்டும் என்று கேட்டபோது, வரைபடம் அழகாக இருக்காது என்பதே எதிர்வாதமாக வந்தது. அமைச்சர் தொடங்கி வைக்கும் நாளில் திரையில் வரைபடம் மின்ன வேண்டும் என்ற ஆசை எல்லாத் துறைகளுக்கும் உண்டு. நல்லவேளையாக உயர் அதிகாரி ஒருவர் முன்பு மாவட்டத்தில் உதவி ஆட்சியராக இருந்தவர். எண்ணிக்கை 1 என்று இருந்த திரையைக் காட்டியதும் இரண்டாவது வார்த்தை பேசாமல் மாற்றச் சொன்னார்.

எனக்குத் தெரியாதவையும் கொஞ்சமில்லை. ஒரு வேலைக்கு எத்தனை ஆள்-மாதம் ஆகும் என்ற மதிப்பீடு, சர்வர் செலவு, பாதுகாப்புத் தணிக்கை, ஒப்பந்தத்தில் அபராத விதிகள் ஆகியவற்றையெல்லாம் பொறியாளர்களிடமும் கணக்குப் பிரிவு கண்காணிப்பாளரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் கற்றேன். தரவுத்தளத்தில் தேடிப் பார்க்க உதவும் எஸ்.க்யூ.எல். மொழியின் அடிப்படையை மட்டும் மாலை நேரங்களில் உட்கார்ந்து படித்தேன். சமூகப் பணியிலிருந்து இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது அதைத்தான். தரவை நாமே எடுத்துப் பார்க்கத் தெரியாவிட்டால், டேஷ்போர்டு காட்டுவதை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். ஜனவரி 1 மலையை எனக்கு யாரும் காட்டவில்லை. மூன்று வரி வினவல் காட்டியது.

அடுத்தது சோதனை. பயனர் ஏற்புச் சோதனை என்பது வழக்கமாகச் சென்னையில், நிறுவனத்தின் லேப்டாப்பில், நிறுவனத்தின் வைஃபையில், திங்கட்கிழமை காலை நடக்கும். எல்லாம் சரியாக வேலை செய்யும். அதே சோதனையை ஒரு மலைக்கிராமத்துக்குப் பக்கத்து ஒன்றிய அலுவலகத்தில், பணியாளரின் சொந்த மொபைலில், அவர் நாள் வேலை முடித்து வந்த பிறகு மாலை நான்கு மணிக்கு வைத்துப் பாருங்கள். ஓ.டி.பி. வருவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும். பாதி நிரப்பியது போய்விடும். 2021-ல் மகாராஷ்டிராவில் அங்கன்வாடி ஊழியர்கள் தங்களுக்குத் தரப்பட்ட கைப்பேசிகள் வேலைக்கு உதவவில்லை என்று அரசிடமே திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். அப்படி ஒரு நிலை வருமுன் நான்கு மணிச் சோதனையை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே சேர்த்துவிடலாம். எங்கள் ஒப்பந்தத்தில் இப்போது அது இருக்கிறது.

பிரிட்டனில் குழந்தைகள் பாதுகாப்பு முறையை ஆராய்ந்து 2011 மே மாதம் அறிக்கை தந்த பேராசிரியர் ஐலீன் மன்ரோ, தாமே சமூகப் பணியாளராக இருந்தவர். விதிகளும் குறியீடுகளும் கணினிப் படிவங்களும் பெருகியதில், பணியாளர்கள் குழந்தைகளோடு செலவிடும் நேரம் சுருங்கிவிட்டது என்பது அவர் முன்வைத்த குற்றச்சாட்டுகளில் முக்கியமானது. அங்கே மென்பொருள் கேட்ட கேள்விகளுக்கு விடையளிப்பதே வேலையாகிப்போயிருந்தது. நான் இந்தப் பக்கம் வந்த பிறகு இதை மீண்டும் படித்தபோது, குற்றம் சாட்டப்பட்ட தரப்பில் இப்போது நான் நிற்கிறேன் என்பது புரிந்தது. அதனால் ஒவ்வொரு புதிய கட்டத்துக்கும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகியிருக்கிறோம்: இந்தத் தகவலை வைத்து யார், எந்த முடிவை எடுக்கப்போகிறார்? பதில் வராவிட்டால் கட்டம் போகும். அப்படிப் போனவை நிறைய.

களத்தை விட்டு வந்ததில் இழப்பு உண்டா என்றால், உண்டு. அங்கே ஒரு பிள்ளையை வீட்டில் சேர்த்துவிட்டு வந்தால் அன்றைக்கு ஒரு வேலை முடிந்தது என்று தெரியும். இங்கே ஒரு கட்டத்திலிருந்து நட்சத்திரத்தை எடுத்ததால் யார் பயனடைந்தார் என்று எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. அதற்குப் பழகிக்கொள்ள முடியாதவர்கள் இந்த வேலைக்கு வராமல் இருப்பதே நல்லது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் பழைய சக பணியாளர்களில் மிகச் சிறந்த இருவர் அப்படிப்பட்டவர்கள், அவர்கள் அங்கேயே இருக்கட்டும்.

இப்போது எங்கள் மேசையில் இருப்பது வழக்கை முடிப்பது பற்றிய பிரச்சினை. மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் நிலுவை எண்ணிக்கை சிவப்பில் தெரிகிறது என்பதற்காக, குழந்தையை வீட்டில் சேர்த்த அன்றே வழக்கு "முடிந்தது" என்று குறிக்கப்படுகிறது. மூன்றாம் மாதம் அதே குழந்தை பேருந்து நிலையத்தில் மீட்கப்பட்டால், பழைய வழக்கைத் திறக்க வழியில்லாமல் புதிய எண்ணில் புதிய குழந்தையாகப் பதிவாகிறது. முடிந்த வழக்கை மாவட்ட அளவிலேயே மீண்டும் திறக்க அனுமதிக்க வேண்டும், தொடர் கண்காணிப்பில் உள்ள வழக்குகளை நிலுவைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் நிலைப்பாடு. திறக்கும் அதிகாரம் மாவட்டத்திடம் இருந்தால் எண்ணிக்கையை வேண்டியபடி ஏற்றி இறக்குவார்கள், அதைத் தலைமையகத்தில்தான் வைக்க வேண்டும் என்கிறது எதிர்த் தரப்பு. அந்த அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. யார் எப்போது எந்தக் காரணத்துக்காகத் திறந்தார் என்ற பதிவை அழிக்க முடியாதபடி வைத்தால் போதும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். கோப்பு தலைமைச் செயலகத்தில் இருக்கிறது.